மெதடிஸ்ட் ஆலயத்தின் பக்கவாசல்

மார்ச் 3

அன்புள்ள குருவிக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதிலே இல்லை. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவளுக்கு அப்படி என்னடி தலைபோகிற வேலை?

நம் மெதடிஸ்ட் ஆலயத்துக்கு நூறு வயது. நூற்றாண்டு மலர் போடுகிறார்கள். காலமெல்லாம் வரலாறு நடத்திய டீச்சர் என்று கட்டடத்தின் கதையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நூல் ஆலையின் பஞ்சுக் கிடங்காக இருந்ததை முதலாளி ஜெபத்துக்குக் கொடுத்தது, பிறகு வந்த மணிக்கூண்டு, காற்றோட்டத்துக்காக வைத்த பக்கவாசல் எல்லாம் எழுதி, இத்துடன் அனுப்புகிறேன். பிழை இருந்தால் சொல். விழாவுக்கு நீ வந்தே ஆக வேண்டும்.

உன் நெட்டை

மார்ச் 20

அன்புள்ள நெட்டைக்கு,

நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் காற்றோட்டத்துக்காக என்று யார் சொன்னது?

என் அம்மா அந்த ஆலையில் கழிவுப் பஞ்சு பொறுக்கியவள். அவளைப் போன்றவர்கள் முதலாளி வீட்டார் கண்ணில் படாமல் உள்ளே வரத்தான் சுவரை உடைத்து அந்த வாசலை வைத்தார்கள். ஒருநாள் நல்ல மழை. முன்வாசலில் ஒதுங்கினோம். கதவருகே நின்ற சபைப் பெரியவர், "உங்க வாசல் அந்தப் பக்கம்மா" என்றார். கோபம்கூட இல்லை, வழி தெரியாதவர்களுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார். அம்மா "சரிங்கய்யா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு மழையிலேயே சுற்றிப் போனாள். அன்றைக்கு எல்லாரையும்விட உரக்கப் பாடினாள். அதை நினைத்தால்தான் இன்னும் தாங்கவில்லை.

நீ போதகர் மகள். முன்வாசல் வழியாக வந்தவள். உனக்குத் தெரியாமல் இருந்திருக்கும். இப்போது தெரியும்.

குருவி

ஏப்ரல் 28

என் குருவிக்கு,

நீ சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். சபைச் செயலாளர், "நல்ல நாளும் அதுவுமா பழசைக் கிளறணுமா டீச்சர்?" என்று அந்த வரிகளை அடித்துவிட்டார். மலரில் காற்றோட்டம்தான் அச்சாகியிருக்கிறது. என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன்.

விழாவில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். மலரை மூடி வைத்துவிட்டு, அந்த வாசல் யாருக்காக வந்தது என்று சொன்னேன். பின்பெஞ்சிலிருந்து மட்டும் ஒரு பெண்குரல், "ஆமா, அப்படித்தான்" என்றது. செயலாளர் இப்போது என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். போகட்டும்.

என் பக்கத்தில் உனக்கு இடம் பிடித்து வைத்திருந்தேன். என்மேல் கோபமா?

நெட்டை

மே 15

அன்புள்ள நெட்டை,

உன்மேல் கோபம் இல்லை. ரயிலுக்குப் பதிவுகூடச் செய்திருந்தேன். கிளம்பும் நேரத்தில் கால் எழவில்லை. அந்தக் கட்டடத்துக்குள் இனி நான் வரமாட்டேன். நீ பேசிவிட்டாய் என்பதற்காக வருவேன் என்று காத்திருக்காதே.

உன் கடிதத்தை மகளிடம் படித்துக் காட்டினேன். "இத்தனை நாளா ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள். அப்புறம் இரண்டு பேரும் வெகுநேரம் என் அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பாட்டியின் சிரிப்பைச் செய்து காட்டச் சொன்னாள் மகள். செய்து காட்டினேன்.

நீ இங்கே வா. ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது. வந்தால், ஞாயிறு ஆராதனை இருக்கிறது என்று சனிக்கிழமையே பெட்டியைக் கட்டிவிடாதே. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேண்டும்.

உன் குருவி