ஏழாம் நம்பர் சேட்

அண்ணா,

உதைபந்தாட்ட இறுதிப் போட்டியில் தோற்ற நாளிலிருந்து நீங்கள் சாப்பிடாமல் படுத்தே கிடப்பதாக அண்ணி வந்து அழுதார். படுங்கள், நன்றாகப் படுங்கள்.

அரையிறுதி முடிந்து வரும் வழியில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர்கள் என் மனுசனை இறக்கி, "விசாரிச்சுப்போட்டு விடுவம்" என்று கொண்டுபோனார்கள். இன்றோடு இருபத்தாறு நாள். அவருடைய இடத்தில் வேறு ஆளைப் போடமாட்டேன் என்று பத்துப் பேரோடு இறங்கினீர்களே, யார் கேட்டது? நானா?

கடைசி நிமிடம் பந்து உங்கள் காலில். எங்கள் சல்லி ஊர்ச் சனம் முழுக்கப் பழைய பழக்கத்தில், "அருளுக்குக் குடு! அருளுக்குக் குடு!" என்று கத்தியது. நீங்களும் ஆளில்லாத வலப்பக்கம் அடித்தீர்கள். டவுன்காரன் அதை எடுத்துக்கொண்டுபோய்க் கோல் போட்டான்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் பெயரை வாயால் சொல்லாத நானும்தான் கத்தினேன்.

அவர் வந்து இதைக் கேள்விப்பட்டால் முதல் அடி உங்களுக்குத்தான். எழும்பிச் சாப்பிடுங்கள். அவர் போட்டு விளையாடும் ஏழாம் நம்பர் சேட்டைத் தோய்த்து அனுப்பியிருக்கிறேன். அடுத்த வருசம் யாருக்காவது போட்டு இறக்குங்கள்.

அவர் வந்த அன்றைக்கே கழற்றிக் கொடுக்க வேண்டும் என்று அந்த ஆளிடம் முதலே சொல்லிவையுங்கள்.

உங்கள் கூட்டாளியின் மனைவி