பதினாறு அல்ல, முப்பது

செவ்வாய்க்கிழமை, மதியம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. நலம் விசாரித்துத் தொடங்க இந்த முறை கை வரவில்லை. போனில் பேசலாமென்றால் நம் வீட்டுச் சுவர்தான் உனக்குத் தெரியுமே, அம்மா காதில் விழாமல் ஒரு வார்த்தை பேச முடியாது. அதனால் கடைத்தெருக் கணினி மையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே வேலை செய்யும் பெண் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அம்மாவின் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லையாம். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உனக்குச் சொல்லக் கூடாதென்று அவள் என்னிடம் சத்தியம் வாங்காத குறை. பதினாறு மணி நேரம்தானே, ஏதாவது ஒண்ணுன்னா மறுநாளே வந்து நிக்கப் போறான், இப்பவே எதுக்குப் பிள்ளையைப் பதற வைக்கிறீங்க என்கிறாள்.

அந்தப் பதினாறை அவள் தலையில் ஏற்றியவன் நான்தான். நீ வெளிநாடு போன புதிதில் இந்தப் பெண்ணிடம் கேட்டு, இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர், பதினாறு மணி நேரம் என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தச் சீட்டு இன்னும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. இன்று மறுபடி கேட்டால், அது நேராகப் பறந்தால் ஆகும் கணக்காம். அங்கிருந்து இங்கே அப்படிப் பறக்கும் விமானமே கிடையாதாம். முப்பத்திரண்டு வருடம் பஸ் நிலையத்தில் வண்டிகளை நேரம் பார்த்து அனுப்பும் டைம் கீப்பராக இருந்தவன் ஏமாந்த லட்சணத்தைப் பார்! நடுவில் இறங்கி ஐந்து மணி நேரம் காத்திருப்பதையும், இரண்டு பக்கமும் வரிசையில் நிற்பதையும், சாலைப் பயணத்தையும் கூட்டிப் பார்த்தேன். உன் வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு முப்பது மணி நேரம். அதுவும் உனக்கு லீவும் டிக்கெட்டும் கிடைத்த பிறகு.

இன்னொன்றும் எழுத வேண்டும். உன் கல்லூரி நேர்முகத் தேர்வன்று நீ மூச்சிரைக்க ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டே ஒன்பது மணி வண்டியைக் கையசைத்து அனுப்பினேன். மகனுக்காக நிறுத்தினான் என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களே என்ற பயம். அடுத்த வண்டியில் நீ போய்ச் சேர்வதற்குள் உன் பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசியதெல்லாம் அம்மா வழியாகத்தான். நான் செய்தது சரி என்றே இத்தனை வருடமும் சாதித்துவந்தேன். சரியில்லை, கண்ணா.

ஆபரேஷனை நாளை மறுநாள், வியாழக்கிழமை என்றுதான் குறித்திருந்தார்கள். இன்று காலை டாக்டர் அறை வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்று, என் பிள்ளை வந்துவிடட்டும் என்று கேட்டேன். இரண்டு நாள் தள்ளலாம், அதற்கு மேல் கூடாது என்றார். அம்மாவிடம் டாக்டருக்கு வேறு வேலை என்று பொய் சொல்லப் போகிறேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணி. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறேன். பத்திரமாக வந்து சேர், ராஜா.

உன் அப்பா