விலை அறிக்கையில் காணாமல் போன மழை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுதத்தான் கை போனது, ஆனால் அதைக் கேட்கத்தானே இந்தக் கடிதமே.

பேக்கரி வேலை எப்போதும் போல ஓடுகிறது, அடுப்புக் கதவு மறுபடியும் மூடமாட்டேன் என்கிறது, அப்பா ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு ரிப்பேர் பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். நீ அங்கே பால்பவுடர் விலை அறிக்கை எழுத ஆரம்பித்ததிலிருந்து வெள்ளிக்கிழமை வந்தால் அதைப் படிக்க நான் கண்ணாடியைத் தேடுவது உனக்குத் தெரியும். ஊருக்கு அது விலை, எனக்கு அது உன் கடிதம். பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சுகிற தண்ணீரைக்கூட விடாமல் காயவைத்து, வே பவுடர் என்று மூட்டை கட்டி விற்கிறார்கள் என்பதே அதில் படித்துத்தான் தெரியும். மேற்கே விலை ஏறினால் கிழக்கே ஏன் இறங்குகிறது, இரண்டு பக்கமும் மாடு புல்லைத்தானே தின்கிறது என்று நான் கேட்டபோது, "மேற்கே மழை இல்லம்மா, பாலும் இல்ல" என்று சொல்லிச் சிரித்தாய். அதற்கப்புறம் ஒவ்வொரு அறிக்கையின் கடைசியிலும் எனக்காகவே மழையைப் பற்றி ஒரு வரி வைப்பாய். "மேற்கே தூறல், மாடுகளுக்குச் சந்தோஷம்" என்று எழுதி மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயே, அதுவும் மறக்கவில்லை.

மூன்று வாரமாக அந்த வரியைக் காணோம். அது போதாதென்று, இரண்டு வாரம் முன்பு வந்ததில் விலை இன்னும் ஏறும் என்று போட்டிருந்தது. அப்பா, "பொண்ணே சொல்லிட்டா, அப்புறம் என்ன யோசனை" என்று முப்பது மூட்டை பால்பவுடர் வாங்கி, இடமில்லாமல் உன் அறையில் அடுக்கிவிட்டார். மறுவாரமே விலை இறங்கிவிட்டது. அது கிடக்கட்டும், பன்னில் போட்டுத் தீர்த்துவிடலாம். ஆனால் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்றைய விலையைத்தான் சொல்வேன், நாளைய விலை சொல்ல நான் என்ன ஜோசியக்காரியா என்று பெற்றவர்களிடமே வாய் திறக்காதவள் நீ. அதை எழுதியது நீ இல்லை.

அப்படியானால் உனக்கு என்ன ஆயிற்று? உடம்புக்கு முடியவில்லையா, வேலை போய்விட்டதா? போனில் "நல்லா இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நான் துப்பறிகிறேன் என்று அப்பா கிண்டல் செய்தார், செய்துவிட்டு அவரும் உட்கார்ந்து உன் பழைய அறிக்கைகளை எல்லாம் படித்தார். எனக்குப் பயமாக இருக்கிறதடி. வேலை போயிருந்தால் போகட்டும், பேக்கரி வீட்டில் ரொட்டிக்கா பஞ்சம்? நீ பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். உன் ஜன்னலுக்கு வெளியே மழையா வெயிலா என்று ஒரு வரி எழுது, மிச்சத்தை நான் புரிந்துகொள்வேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் உன்னை அண்டாமல் நன்றாக இரு, கண்ணே.

உன் அம்மா

பி.கு. இதை அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு எழுந்து போனவர், உன் அறையிலிருந்து மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டிருக்கிறார்.