இருபத்திரண்டாம் தேதியில் உன் பெயர்

டாலிகஞ்ச்
நவம்பர் 3

அன்பு மகள் ரோசலினுக்கு அம்மா எழுதுவது. திருஇருதய ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். இங்கே நலம் என்று எழுதினால் பொய்யாகும், சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டி வரும், ஆகவே எழுதவில்லை.

அப்பாவின் முதல் வருஷப் பூசை இருபத்திரண்டாம் தேதி என்று செப்டம்பரிலேயே சொன்னேன், நீயும் சரி என்றாய். போன வாரம், லேபில் அந்த மூன்று நாளும் எனக்கு மெஷின் ஒதுக்கிவிட்டார்கள், என் கையில் எதுவும் இல்லை என்றாய். நானும் நம்பி, பக்கத்து வீட்டுக் கமலாட்சியிடம் உன் ஆபீசர்களைத் திட்டித் தீர்த்தேன். பிறகு உன் தம்பி ஜெரால்டின் போனை வாங்கி உங்கள் லேபின் பெயரை நானே தட்டிப் பார்த்தேன். எழுத்துக் கூட்டியே இங்கிலீஷ் கற்றவள் உன் அம்மா, மறந்துவிட்டாயா. பல காலேஜ்காரர்கள் பொதுவில் உபயோகிக்கும் மெஷின் என்பதால் யார் எந்த நாளுக்குப் பெயர் போட்டார்கள் என்று எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். 21, 22, 23 மூன்றிலும் ரோசலின் ஜெபராஜ். பதிந்ததும் நீயே, அக்டோபர் ஐந்தாம் தேதி. கீழே காத்திருப்பவர் என்று பிரவீன்குமார் என்ற பெயர்.

ஜெரால்ட் அதைப் பார்த்துவிட்டு, சோடோம்மா, விட்டுத் தள்ளு, அவ பெரிய ஆளு, அப்பாவுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கலன்னு நெனச்சுக்கோ என்று சிரித்தான். அவனையும் திட்டினேன். தங்கம் பூசிய தகட்டில் ஒரு மூலக்கூறை ஒட்டவைத்து, இன்னொன்றை அதன்மேல் ஓடவிட்டு, எவ்வளவு ஒட்டுகிறது, எத்தனை நிமிஷத்தில் கழன்று போகிறது என்று அளப்போம் என எனக்கு விளக்கினாயே. மருந்துக்கு உதவுமென்றாய், புண்ணியம்தான். ஆனால் பெற்றவளை விட்டு நீ கழன்றதை அளக்க மெஷின் வேண்டாம், என் டைரி போதும். ஜூனில் ஒன்பது போன், அக்டோபரில் ஒன்று.

போன வருஷம் புயலில் இந்தத் தீவுக்கு வரும் விமானம் சென்னையிலேயே நின்றது, அடக்கத்துக்கு உன்னால் வர முடியவில்லை. அதற்கு ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்டவர்கள் வாயையும் அடைத்தேன். கல்லறையைப் பார்க்கப் பயமாயிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். நானும் முதல் இரண்டு மாதம் கல்லறைத் தோட்டத்து கேட் வரை போய்த் திரும்பியவள்தான். அதை விட்டு வாயில்லாத மெஷின்மேல் பழி போட்டாய், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மூன்று நாளுக்கு முன்னால் பெயரை எடுத்துவிட்டால் அடுத்தவருக்குக் கொடுப்பார்கள் என்று அதே பக்கத்தில் போட்டிருக்கிறது. பதினெட்டாம் தேதி மாலை வரை தினமும் பார்ப்பேன். உன் பெயர் அங்கேயே இருந்தால் நான் போன் பண்ண மாட்டேன், நீயும் பண்ண வேண்டாம். பூசையில் பிள்ளைகளின் பெயரைச் சாமியார் வாசிக்கும்போது ஜெரால்ட் என்று மட்டும் வாசிக்கச் சொல்லிவிடுவேன்.

மாதா உனக்குத் துணை. நேரத்துக்குச் சாப்பிடு. வருவதானால் கறுப்பு உடுப்பு எடுத்துக்கொள், இங்கே உன் அளவில் இல்லை.

கோபம் ஆறாத உன் அம்மா,
அந்தோணியம்மாள்