வாசலில் கழற்றிய சப்பாத்துகள்

நனைந்த கம்பளிக் காலுறையை ஹீற்றரில் காயப் போட்டால் ஒரு மணம் எழும்பும். அது எழும்பினால் நீ வந்துவிட்டாய். என் புருஷனின் கடைசித் தங்கச்சி, பதினைந்து வயது, வெறும் காலுறையோடு கதவடியில் நனைந்து நிற்கிறாய்.

"சப்பாத்து எங்கயடி?"

"வெள்ளைப் பெடியள் குப்பைத் தொட்டிக்குள்ள போட்டிட்டாங்கள் அண்ணி. சிரிக்காதேங்கோ."

நான் எங்கே சிரித்தேன்? உன் காலுறையை உருவி ஹீற்றரில் போட்டேன்.

அகதியாய் லண்டனுக்கு வந்த பிள்ளைகளை அந்தப் பள்ளிக்கூடம் பின்வளவுப் பலகைக் கொட்டிலில் வைத்திருந்தது. இங்கிலிஷ் வரும்வரைக்கும் என்றார்கள். உனக்கு இங்கிலிஷ் வந்த பிறகும் கொட்டில்தான். பெரிய கட்டடம் வெள்ளைப் பிள்ளைகளுக்கு. அன்றைக்குத் தமிழ்ப் பிள்ளைகள், சோமாலிப் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய், அந்தக் கட்டட மண்டபத்தில் நிலத்தில் இருந்தாய். எங்களையும் வகுப்பில் விடும்வரை எழும்பமாட்டோம் என்றாய். இருக்கமுன் எல்லோரையும் சப்பாத்தைக் கழற்றச் சொன்னாயாம். சண்டைக்குப் போனவள் வாசலில் சப்பாத்தைக் கழற்றுவாளா?

"படிக்கிற இடமெல்லே அண்ணி" என்றாய்.

மறுநாள் இரவல் சப்பாத்தோடு போனாய். அதையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தாயாம். கிழமை முடியமுன் கொட்டிலைப் பூட்டினார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் பெரிய கட்டடத்தில் இடம் கிடைத்தது. தூண்டிவிட்டவள் என்று உன்னை மட்டும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினார்கள்.

உனக்காகக் கதைக்க வாருங்கள் என்று அந்தப் பிள்ளைகளின் தாய்மாரின் கதவெல்லாம் தட்டினேன். "எங்கட விசா அலுவல் இன்னும் முடியேல்லை அக்கா" என்றார்கள். எங்களுக்கு மட்டும் முடிந்திருந்ததோ? நீ வெம்பிளிக் கடையொன்றில் மரக்கறி நிறுத்துக் கொடுத்தே வாழ்நாளைக் கழித்தாய்.

உன் செத்தவீட்டுக்கு அவர்களில் ஒருத்தி பெரிய மாலையோடு வந்தாள். மகன் இப்போது டொக்டர். "தங்கமான பிள்ளை" என்று விக்கி அழுதாள்.

"அண்டைக்கு எங்க நிண்டனீங்கள்?" என்று சனத்துக்கு முன்னால் கேட்டேன். அவளின் அழுகை நின்றுபோனது. நீ இருந்திருந்தால் விடுங்கோ அண்ணி என்றிருப்பாய். நான் விடமாட்டேன்.

என் பேத்தி இப்போது அதே பள்ளிக்கூடம். வெட்கமாம் அவளுக்கு, ஆனாலும் நான்தான் கூட்டிவரப் போவேன். பெரிய கட்டட வாசலால் எல்லா நிறத்துப் பிள்ளைகளும் இடித்துக்கொண்டு வருகிறார்கள். சனம் கலைந்த பிறகும் நான் கேற்றடியில் நிற்பேன்.

"போவம் அம்மம்மா. எல்லாரும் வந்திட்டினம்."

"பொறு பிள்ளை. இன்னும் ஒராள் வரவேணும்."