வெறும் சுளுக்கு

அக்டோபர் 6, திங்கள்

மேப்பிள் இலைகளைக் கூட்ட இறங்கினேன். பத்து நிமிடம்கூட நிற்க முடியவில்லை. இடது கணுக்கால் வீங்கி, ஷூவுக்குள் போக மறுக்கிறது. புது எலும்பு டாக்டர் பழைய ரிப்போர்ட் கேட்டதால், போன மாதமே நான் முன்பு ஆடிய அமெரிக்கக் கால்பந்து அணியின் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். முப்பத்தொரு வருஷத்துக் காகிதம், எலி தின்றிருக்கும் என்கிறாள் என் மனைவி நெடீன்.

மத்தியானம் அதே அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். 26ஆம் தேதி ஆட்ட இடைவேளையில், அந்நாளில் எங்கள் அணி டாக்டராக இருந்த விட்கோமுக்குப் பாராட்டு விழா. கேடயத்தை நான் கொடுக்க வேண்டுமாம். "அவரே உங்களைத்தான் சார் கேட்டார்." பெருமையாகத்தான் இருந்தது. சரி என்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

காகிதம் வந்துவிட்டது.

1994 டிசம்பர் 11. முதல் பாதியில் என் காலின் மேல் இரண்டு தடியர்கள் விழுந்த நாள். இடைவேளையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வெறும் சுளுக்கு, தம்பி" என்று இரண்டு ஊசி போட்டார். எங்கள் பந்தெறிகிறவனை நெருங்குகிறவர்களை நெஞ்சால் தடுப்பது என் வேலை. மரத்த காலோடு இரண்டாம் பாதி முழுக்கத் தடுத்தேன். ஜெயித்தோம். அப்புறமும் இரண்டு ஆட்டம், இரண்டு ஊசி. ஏப்ரலில் அணியைவிட்டு அனுப்பினார்கள். கால் சரியில்லையாம்.

காகிதத்தில் இருப்பது: கணுக்கால் எலும்பு முறிவு. அதே தேதி. கீழே அவர் கையெழுத்து.

தெரிந்திருக்கிறது. தெரிந்தே ஊசி போட்டு இறக்கியிருக்கிறார். இந்த ஆளுக்கா நான் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கார்டு அனுப்பினேன்?

அக்டோபர் 10, வெள்ளி

நெடீனிடம் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு தடவை படித்தாள். "இத்தனை வருஷமா இந்தக் காலைப் பிடிச்சுவிடுறது நான். கேடயத்தை என்கிட்ட குடுக்கச் சொல்லு. எப்படிக் குடுக்கணுமோ அப்படிக் குடுக்கிறேன்" என்றாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

டாக்டருக்குப் போன் செய்தேன். எண்பத்து நான்கு வயது, குரல் இன்னும் கணீரென்று இருக்கிறது. காகிதத்தைப் படித்துக் காட்டினேன்.

"நீதானேப்பா ஆடியே தீருவேன்னு நின்னே?"

"சுளுக்குன்னு சொன்னீங்க டாக்டர். அதனாலதான் நின்னேன்."

"அந்தக் காலம் அப்படி. சரி, விழாவுல பார்ப்போம், தம்பி."

வைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்கவா சொன்னேன்? ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அதுகூட வரவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

ஸ்டான் குபியாக் வந்தான். ஆறு வருஷம் தடுப்பு வரிசையில் என்னோடு தோள் உரசி நின்றவன். காகிதத்தைத் தொடவே மாட்டேன் என்றான்.

"என் பொண்ணு கல்யாணத்துக்கு வந்த மனுஷன்டா அவரு. கடைசிக் காலத்துல அசிங்கப்படுத்தப் போறியா?"

"என்கிட்ட பொய் சொன்னாருடா."

"எல்லாருக்கும்தான் அடிபட்டுச்சு. நீ ஒருத்தன்தான் அழுவுற."

அழுகிறேனா? அழுதால்தான் என்ன? அவன் கிளம்பும்போது நான் எழுந்திருக்கவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

அலுவலகப் பெண்ணிடம் சொன்னேன்: வருகிறேன், ஆனால் கேடயம் தருமுன் இந்தக் காகிதத்தை மைக்கில் படிப்பேன். "மேல கேட்டுச் சொல்றேன் சார்."

அக்டோபர் 20, திங்கள்

கேட்டுச் சொல்லிவிட்டாள். நிகழ்ச்சியைச் சுருக்கிவிட்டார்களாம். நான் சிரமப்பட்டு வர வேண்டாமாம். சிரமம்! முறிந்த காலோடு ஓடச் சொன்னபோது யாருக்கும் என் சிரமம் தெரியவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

டிவி போடவில்லை. இடைவேளை நேரத்தில் வாசலில் கார் சத்தம். ஸ்டான். கோட்டு, அணியின் நிறத்தில் டை. மைதானத்துக் கார் நிறுத்தம் வரைக்கும் போனானாம்.

"வண்டியைப் பின்னால எடுத்து நிறுத்தணும். கழுத்து திரும்பல. மூணு தடவை பார்த்தேன், முடியல. அப்பதான், கழுத்துல அடிபட்டப்ப டாக்டர் சொன்னது ஞாபகம் வந்துச்சு. 'நரம்பு லேசா இழுத்திருக்கு, சரியாப் போயிடும்'னாரு."

நெடீன் வைத்த காபியை அவன் தொடவில்லை. "ஆபீசுக்கு நீ எழுதின மாதிரி எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு. என் விரல் பேனா பிடிக்காது."

எழுதினேன். பெயர், பிறந்த தேதி, ஆடிய வருஷங்கள். அடுத்தது அடிபட்ட தேதி.

"எப்ப அடிபட்டுச்சு?" என்றேன்.

ஸ்டான் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தான்.

"எந்த அடியைக் கேக்குற?"