முதுகுக்கு ஏற்ற பை

அன்புள்ள அத்தாவுக்கு, சைகல் சலாம் சொல்லி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்குத் தூக்கம் வருகிறதா? கரகோல் நகரில் நான் நலம்.

மலையேறிகளுக்குச் சுமை தூக்க, உள்ளே கம்பிச் சட்டம் வைத்த பை ஒன்று வாங்கினேன். ஆண்கள் சுமக்கும் பெரிய பையைத்தான் முதலில் எடுத்தேன். என்னோடு சுமை தூக்கும் ஜிபெக் சிரித்தாள். "ஏண்டி, இதுக்குள்ள நீயே படுத்துக்கலாம்! பாரம் இடுப்புல உட்காரணும். இது பின்னாடி தொங்குது." என் முதுகை அளந்து, சிறியதை மாட்டி, உள்ளே அரிசி மூட்டை வைத்து நடக்கவிட்டாள். தோள் வலிக்கவில்லை. அதையே வாங்கிவிட்டேன்.

போன வாரம் ஓடையைக் கடக்கையில் கால் வழுக்கியது. இடுப்புவாரை முன்பே கழற்றியிருந்ததால், பையை உதறிவிட்டுக் கரையேறினேன். பாறையில் சிக்கிய பையை ஜிபெக் இழுத்து வந்தாள். "பை தப்பிச்சிருச்சு, நீயும் இருக்கியா?" என்று கிண்டல் செய்தவள் உடனே அழுதுவிட்டாள். எனக்குச் சளி மட்டும்தான்.

கம்பளிக் காலுறையும் உலர்தயிர் உருண்டையும் அனுப்புங்கள். உருண்டை இங்கேயும் விற்கிறார்கள், ஆனால் உப்பு வேறு மாதிரி இருக்கிறது. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் நம் ஊர் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். அம்மாவுக்கு வாசிக்கும்போது ஓடை விஷயத்தை விட்டுவிடுங்கள்.

உங்கள் சைகல்